வாசலோரம் ஒரு வெள்ளைக் கார்

நாளைக்கு வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் மனைவி வாயைத் திறக்கக் கூடாது. இப்படி முந்தின நாள் சாப்பாட்டு மேசையிலேயே அறிவித்துவிட்டேன். பின்னே என்ன? கல்யாணமான நாளிலிருந்து ஸ்டியரிங் என் கையில், வண்டி அவள் வாயில். இப்படித் திரும்புங்க, மெதுவாப் போங்க, அதோ இடம் இருக்கு பாருங்க. மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்?

போக வேண்டியது பல்கலைக்கழகத்துக்கு. எங்கள் ஒரே மகள் தன் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேராசிரியர்கள் முன்னால் பேசும் நாள். பேச ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், லேட்டாக வந்தால் பெற்ற அப்பாவாக இருந்தாலும் வெளியேதான் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் மச்சினனும் வருகிறானாம். போன வாரம் புதுக் கார் வாங்கிவிட்டு, பார்க்க வாங்க மாமா என்று நச்சரித்தவன். நான் போவேனா? அவனுக்கு அந்தப் பெருமை வேறயா?

"வண்டி நிறுத்த பாப்பா என் போனுக்கு..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"பேச்சே கூடாதுன்னேன்ல?"

"சரிங்க," என்றாள். அவ்வளவு லேசில் சரி சொல்கிற பொம்பளையா அவள்? அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் வழியெல்லாம் அமைதி. ஜெயித்துவிட்டேன் என்று மிதந்தேன். பல்கலைக்கழக கேட்டில் காவலாளி பாஸ் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் விரலைத் தூக்கி முறைத்தேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு போனில் என்னவோ தட்டினாள். நான் காவலாளியிடம் எகிறினேன். அவரும் சளைக்காமல், பாஸ் இல்லாவிட்டால் ஆளை இறக்கி விடலாம், வண்டியை நிறுத்த முடியாது என்றார்.

அரங்க வாசலில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. பாஸ் உள்ளவர்களுக்கு மட்டுமாம். மனைவி இறங்கி, மூச்சு விடாமல் உள்ளே போனாள். நான் சுற்றினேன். பேராசிரியர்களுக்கு இடம், அலுவலர்களுக்கு இடம், புல் வெட்டும் மெஷினுக்குக் கூரை போட்டு ஒரு இடம். வயிறெரிந்து மறுபடி வாசலுக்கு வந்தால், காலியாக இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியை இறக்கி, எந்த மகாராசன் வண்டிய்யா இது, அவன் நல்லா இருப்பானா என்று அந்தக் காரையே திட்டினேன்.

கடைசியில் ஒரு 'நிறுத்தாதீர்' பலகைக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, தொப்பை குலுங்க ஓடினேன். கதவு சாத்தியாகிவிட்டது.

கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அது வழியாகப் பார்த்தேன். மகள் மேடையில் கையை ஆட்டிப் பேசுகிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வரிசையில் மனைவி, மச்சினன், நடுவில் எனக்காக ஒரு நாற்காலி. அதில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து, மகள் டாக்டராகி, என்னைக் கட்டிக்கொண்டு, ஏம்ப்பா வரலை என்று கேட்டுவிட்டுப் போன பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"வாசல்லயே நிறுத்துறதுக்கு பாப்பா என் போனுக்குத்தான் பாஸ் அனுப்பியிருந்தா. நீங்கதான் பேச விடல. வீணாப் போகுதேன்னு தம்பிக்கு அனுப்பிட்டேன்."

"கார் எப்படி இருக்கு மாமா?" என்றான் மச்சினன், அந்த வெள்ளைக் காரைத் தடவியபடி.

நான் என் வண்டிக்கு நடந்தேன். முன் சக்கரத்தில் இரும்புப் பூட்டு. சாயங்காலம்தான் கழற்றுவார்களாம்.

வீட்டுக்கு வெள்ளைக் காரில்தான் போனேன். பின்சீட்டில். முன்சீட்டில் அவள்.

"டேய், அடுத்த சந்துல திரும்பு," என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் திரும்பினான். அது எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழியாம். அன்றுவரை எனக்குத் தெரியாது.