டெல்பர்ட்டின் முயல்

“டெல்பர்ட்டோட மெஷின்ல அந்த முயல் கத்துறப்போ எனக்கே நெஞ்சை அடைக்குது.”

“நான் ஊதுனப்போ அடைக்கலையா?”

“நீ ஊதுனப்போ, காபி ஆறிடுமே, சீக்கிரம் எந்திரிச்சு வந்தா தேவலைன்னு இருக்கும்.”

மனைவி லோர்னா சொல்லிவிட்டு முட்டை பொரிக்கப் போய்விட்டாள். வெர்னன் காபியைத் தள்ளி வைத்தார்.

குட்டி போடும் பருவத்தில் ஆட்டுக்குட்டி தூக்க வரும் கயோட்டி என்ற சிறு ஓநாய்களை, அடிபட்ட முயல்போல மரக்குழலில் ஊதித் துப்பாக்கி முனைக்கே வரவழைத்தவர் அவர். அமெரிக்காவில், வயோமிங்கின் அந்தப் பள்ளத்தாக்கில் அவர் இருக்க வேறு யாரும் குழலில் வாய் வைக்கமாட்டார்கள். குதிரை தள்ளி விலா முறிந்ததும் பழையபடி மூச்சுப் பிடித்து ஊத முடியவில்லை. வேலியோரம் உட்கார்ந்து கொஞ்ச நாள் முயன்று பார்த்தார். வெட்கமாகிவிட்டது. குழலை அலமாரியில் போட்டுவிட்டார்.

அடுத்த பண்ணை டெல்பர்ட், மிருகங்களின் குரலை ஒலிக்கும் ஒரு மெஷின் வாங்கினான். ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி ரிமோட்டை அமுக்குவான். கயோட்டி வந்து நிற்கும். தீவனக் கடையில் இப்போது அவன் பேச்சுதான். வெர்னன் உள்ளே நுழைந்தால் மட்டும் பேச்சை வானிலைக்கு மாற்றுவார்கள்.

பொறுக்காமல் அவரும் வாங்கினார். டெல்பர்ட்டுடையது ஒரு ஸ்பீக்கர் என்றால் இவருடையது இரண்டு.

முதல் நாள் முயல் குரலை வைத்தார். கயோட்டி வரவில்லை. பருந்து ஒன்று வந்து, புதருக்கு மேலே அசைந்த அவர் தொப்பியை முயலென்று நம்பித் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் கயோட்டிக் குட்டி அழும் குரலை முழுச் சத்தத்தில் வைத்தார். அதற்கும் கயோட்டி வரவில்லை. மந்தைக்குக் காவல் இருந்த டாலி வந்தது. தன் குட்டிகளை அப்போதுதான் அக்கம்பக்கத்தில் கொடுத்திருந்த தாய் நாய். மெஷினைக் கைப்பிடியில் கவ்விக் கொட்டகைக்குக் கொண்டுபோய், வைக்கோலில் கிடத்தி நக்க ஆரம்பித்தது. பிடுங்கப் போன வெர்னனைப் பார்த்து, சோறு போட்டவர் என்றும் பாராமல் உறுமியது.

அவர் ரிமோட்டில் குரலை நிறுத்தினார். குட்டி செத்தேபோனது என்று டாலி வைத்த ஓலத்தில் லோர்னா அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

“அய்யோ, முதல்ல அதைப் போட்டு விடு வெர்னன். பெத்தவ வயிறு என்ன பாடுபடும்?”

போட்டு விட்டார். சாயங்காலம் வரை மெஷின் அழுதது, டாலி நக்கியது. காவல் இல்லாத மந்தையில் கயோட்டிகள் நிதானமாக வந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோயின.

வரும் சனிக்கிழமை தங்கள் மேய்ச்சல் நிலத்தில் வந்து உட்காரும்படி டெல்பர்ட்டையே கூப்பிடப் போவதாக லோர்னா சொன்னாள். தன் நிலத்தில், தன் பெண்டாட்டி கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு டெல்பர்ட் ரிமோட் அமுக்குவதை வெர்னன் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார்.

அவன் வைக்கிற முயல் எது என்று தெரிந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும், வயசை மறந்து, சேஜ் புதர்களுக்கு நடுவே தவழ்ந்து டெல்பர்ட்டின் வேலியருகே குப்புறப் படுத்தார்.

மெஷின் கத்தியது. குரல் உச்சிக்குப் போய், அங்கேயே நடுங்கி, முடியும் இடத்தில் ஒரு விக்கல். உயிர் போக மனமில்லாமல் திரும்பிப் பார்ப்பது மாதிரி. வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷ வாயால் இது ஆகாது என்று பட்டது. எந்தக் காட்டில், எந்த முயலிடம் பிடித்தார்களோ. நமக்கு ஏன் இப்படி ஒன்று வாய்க்கவில்லை?

முகத்துக்கு நேரே ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது. டெல்பர்ட்டின் மனைவி மேவிஸ், கையில் முட்டைக் கூடை.

“தொப்பி தேடுறேன்,” என்றார் வெர்னன், படுத்தபடியே.

“நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க,” என்றாள் மேவிஸ். “அவரு உங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டு, உங்க வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்புறாரு. மெஷினோட வந்த முயல் குரலையெல்லாம் இங்க ஒரு கயோட்டியும் மதிக்கலை. விலா உடைஞ்சிருந்தப்போ இந்த வேலியோரம் உக்காந்து ஊதுனீங்களே, அதை உங்களுக்குத் தெரியாம பதிவு பண்ணித்தான் அவரு இத்தனை நாளா ஓட்டுறாரு. இப்போ அதுவும் கயோட்டிங்களுக்குப் பழகிப்போச்சு. கோவிச்சுக்காம, அந்த விக்கல் மட்டும் விட்டுப்போகாம, இன்னொரு தடவை ஊதித் தர்றீங்களா?”