நாரத்தம்பழம் ஸ்பெயினுக்குப் போன கதை

புதிதாக ஒரு பாஷை கற்றுக்கொண்டவனைப் பெண் பார்க்கக் கூட்டிப் போகக் கூடாது. கொஞ்ச நாள் போகட்டும், சூடு தணியட்டும். என் அம்மாவுக்கு இது தெரியவில்லை.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இருந்தேன். ஸ்பெயின் வியாபாரிகளிடம் பேசலாம் என்று போனிலேயே ஸ்பானிஷ் படித்தேன். பேச வந்ததோ இல்லையோ, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று துருவுகிற கிறுக்கு பிடித்துக்கொண்டது. (வியாபாரிகள் கடைசிவரை ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.)

பெண் வீடு சாணார்பட்டி. ஜெசிந்தா காபி கொண்டுவந்தாள். பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப் போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேலை எப்படிப் போகிறது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். நல்லாப் போகுது என்று சொல்லி முடித்திருக்கலாம். மாதா சுரூபத்தின் முன்னால் இருந்த நாரத்தம்பழம் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

ஆரஞ்சுக்கு ஸ்பானிஷில் நரான்ஹா என்று ஆரம்பித்தேன். அது அரபுக்காரர்களின் நாரஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முன்னால் பாரசீகத்து நாரங், அதற்கும் முன்னால் சமஸ்கிருத நாரங்க, அதற்கும் வேர் நம்ம பக்கத்து நாரத்தைதான் என்கிறார்கள் என்று தேசம் தேசமாகக் கூட்டிப் போனேன். யாரும் அசையவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 'நறு' என்றால் வாசனை, அதுதான் மூலமாம். அதை நிரூபிக்க எழுந்துபோய்ப் பழத்தை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, ஒவ்வொருவர் மூக்குக்கும் நீட்டினேன். மரியாதைக்கு எல்லாரும் மோந்து பார்த்தார்கள்.

ஜெசிந்தாவின் அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "அது எங்க மரத்துல மொதக் காய்ப்பு தம்பி. நாளைக்குப் பூசையில காணிக்கை வைக்க எடுத்து வச்சிருந்தோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீறின பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, பழத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். சாறு மாதாவின் காலடியில் ஓடியது. என் அம்மா முந்தானையால் துடைத்தார்.

அப்போது ஜெசிந்தாதான் கேட்டாள், "போர்ச்சுகல்ல இத என்னன்னு சொல்வாங்க?"

"தெரியலைங்க" என்றேன்.

இந்த இடமும் போச்சு என்று பஸ்ஸில் அம்மா புலம்பிக்கொண்டே வந்தார். மறுவாரம் சம்மதம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் காரணம் கேட்கத் தைரியம் வந்தது.

"அம்புட்டு நேரம் பேசுனதுல தெரியலைன்னு ஒரு தடவ சொன்னீங்கல்ல, அப்பத்தான் இந்த ஆளோட குடும்பம் நடத்தலாம்னு தோணுச்சு" என்றாள்.

நன்றாகத்தான் இருக்கிறோம், குறை ஒன்றுமில்லை. என்ன, கோயில் வாசலில் யாராவது என்னை யாரென்று விசாரித்தால் மாமனார் என் பேரைச் சொல்வதில்லை.

"எங்க மாப்பிள்ளை" என்பார். "மாதா காணிக்கைய ஸ்பெயினுக்குக் கொண்டு போனவரு."