கதவைச் சாத்திப் பேசும் விஷயம்

தையல்காரர் சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. டாக்டர் அஞ்சு மணிக்கு நேரில் வரச் சொன்னாராம். போனில் சொல்கிற விஷயம் இல்லையாம்.

இரண்டு நாள் முன்புதான் அங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கத்தரி தானாக நின்றது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாமென்று திரும்பக் கூப்பிட்டார். "பயப்படற மாதிரி ஏதாவதா, மேடம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். தனியா வரச் சொன்னார். கதவைச் சாத்திட்டுத்தான் பேசணுமாம்."

கேட்காமலே இருந்திருக்கலாம். மனைவியிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணும் இருக்காதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு அழுகையாக, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பியிடமும் சொல்லிவிட்டாள்.

மச்சினன் உடனே கூப்பிட்டான். "அடிக்கடி தாகம் எடுக்குதா மச்சான்?"

"எடுக்குது. வெயில் காலமாச்சே."

"ம்," என்றான் மச்சினன். போனை வைத்துவிட்டான்.

அந்த 'ம்' தையல்காரரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று மணிக்கு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். இன்னும் ஒரு வருஷம்தான் உயிர். அதுதான் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அப்படித் தீர்மானித்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

போவதற்குள் பாவத்தையெல்லாம் கழுவிவிடலாமென்று எதிர்க்கடைத் தையல்காரரிடம் போனார். "அண்ணே, நீங்க தைச்சா துணி சுருங்கும்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

"அது நீயா? என் கூடப்பிறந்த தம்பிதான் சொன்னான்னு நினைச்சு, பதினோரு வருஷமா அவனோட பேசாம இருக்கேனே," என்று அவர் இரும்பு அளவுகோலைக் கையில் எடுத்தார்.

அன்று கிளினிக்குக்கு ஓடியே போனார் தையல்காரர்.

டாக்டர் கதவைச் சாத்தினார். திரையையும் இழுத்துவிட்டார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும்."

"எத்தனை நாள் இருக்கு, டாக்டர்?"

"நாலே நாள்தான்."

தையல்காரர் நாற்காலியில் சரிந்தார். "என் ரத்தத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"ரத்தமா? அதுல ஒரு குறையும் இல்லை, நார்மல்," என்ற டாக்டர், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து ரகசியமாக நீட்டினார். "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கல்யாணம். இந்தப் பேன்ட் பட்டன் போட வரலை. இடுப்புல ரெண்டு இன்ச் பிரிச்சு விடுங்க. எடையைக் குறைன்னு ஊருக்கே சொல்றவன் நான், வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."