போர்வை காப்பு கட்டிக்கொண்ட கதை

நெகிரி செம்பிலான் வெயிலை அவமானப்படுத்திய ஒரே ஆள் போர்வைதான். கோலா சாவா எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து வீடு. கோலாலம்பூர் பேரங்காடி ஒன்றின் பனித்திடலில் இருவரும் இளையோர் ஐஸ் ஹாக்கி ஆடினோம். நான் முன்னால் நின்று கோல் அடிப்பவன், அவன் கோல்கீப்பர்.

அந்த வருடம் பழுதுபார்க்கத் திடலை மூடினார்கள். திறக்கும் சனிக்கிழமையே தேசிய இளையோர் அணித் தேர்வு. அதுவரை தரையில் பயிற்சி செய்யச் சொன்னார் கோச். நான் ஓடினேன், குதித்தேன். அவனோ ஹெல்மெட், மார்புக் கவசம், மெத்தை அளவு பேடுகள் எல்லாம் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றான். போர்வை என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

"கழட்டுடா, வெந்துருவே."

"கழட்டுனா ஒடம்பு மறந்துரும் லா."

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழங்களை வட்டுக்குப் பதிலாக மட்டையால் அவன்மேல் அடிப்பது என் வேலை. பாதம் குளிரை மறக்கக் கூடாதென்று மீன்காரர் வேனில் ஐஸ் பெட்டிக்குள் காலை விட்டு உட்காருவான். மீன் வாங்க வந்த அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு மீனு, செருப்பு போட்டிருக்கு?" என்றாள்.

பூப்பந்துத் திடலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சறுக்கலாம் என்பதும் அவன் யோசனைதான். முதல் சறுக்கிலேயே என் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

மறுநாள் பார்த்தால் அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. மாரியம்மன் திருவிழா ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்.

"காப்பு கட்டுனா எஸ்டேட் எல்லையத் தாண்டக் கூடாது. சனிக்கிழம செலக்‌ஷனுக்கு எப்படிடா வருவே?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. மூன்று வருடமாக அந்த அணிச் சட்டையைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தான்.

"அத யோசிக்கல லா. ஒன் காலு சரியாவணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அவுத்துரு."

"அவுத்தா ஒன் காலு?"

கால் சரியாகிவிட்டது. சனிக்கிழமை காலை நான் தேர்வில் ஆடினேன். கோச்சுக்கு வீடு எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊரான சிரம்பானில். கெஞ்சிக் கூத்தாடி, திரும்பும்போது எஸ்டேட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் சட்டப் புத்தகத்தைச் சாமியாகக் கும்பிடுபவர். ஆட்டக்காரரின் சொந்த இடத்தில் தேர்வு வைக்கக் கூடாதாம். எனவே அவர் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே நின்றார், திறந்த கேட்டையே கோலாக்கிப் போர்வை உள்ளே நின்றான். ரோட்டிலிருந்து அவர் வட்டுகளை அடிக்க அடிக்க, இவன் விழுந்து புரண்டு தடுத்தான். பின்னால் செம்பனை லாரி வந்து ஹாரன் அடித்தது. பிறகு டிரைவரே இறங்கிவந்து, "இன்னும் வேகமா அடிங்க சார், பையன் தாங்குவான்" என்றார்.

ஒன்றுகூட கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஒன்று மட்டும் பேடில் பட்டுத் தெறித்து கோச்சின் கார் விளக்கை உடைத்தது. கோச் விளக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், காரில் ஏறிக் கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. அவனுக்கு இடம் உண்டு, எனக்கு இல்லை. ஹெல்மெட்டும் பேடுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான்.

"அம்மன்கிட்ட ஒன் காலு மட்டும் கேட்டுட்டேன்டா. ஒனக்கு டீமையும் சேத்துக் கேக்கணும்னு தோணல."

எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பயல்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. கட்டிப்பிடித்தேன். அத்தனை பேடுகளையும் சுற்றி என் கை எட்டவில்லை.