அக்காவுக்கு நான் பார்த்த ஜின்

கதை எழுதுகிற எவனுக்கும் ஒரு ஆசை இருக்கும்: தான் எழுதியதை ஒரு வாசகராவது வரி வரியாக நம்ப வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். என் அக்காவுக்கு மாமியாராக வந்திருக்க வேண்டியவர்.

அப்போது கல்லூரி முடித்துவிட்டு, கடப்பாக்கத்தில் அத்தாவின் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் செல்போனில் ஒரு கதைச் செயலியில் தொடர்கதை எழுதுவேன். புனைபெயர் 'கடல்நிலா'. (ஆம்பளைப் பேரில் காதல் கதை எழுதினால் நாய்கூடச் சீந்தாது என்று எவனோ சொன்னதை நம்பினேன்.) கதை இதுதான்: ஆலம்பரைக் கோட்டையில் காலங்காலமாகக் குடியிருந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜின், கல்யாண போட்டோ எடுக்க வருகிற கூட்டத்தின் தொல்லை தாங்காமல் ஊருக்குள் குடிபெயர்ந்து, ஒரு வீட்டுக் கொல்லையில் சப்போட்டா மரத்தில் ஏறிக்கொள்கிறது. அந்த வீட்டுப் பெண் ஹசீனாமேல் காதலாகிறது. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களை ஒவ்வொருவராகத் துரத்துகிறது.

கற்பனை பொங்கி வழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜின்னைத் தவிர எல்லாமே எங்கள் வீட்டில் திருடியது. சப்போட்டா மரம் எங்களுடையது. பச்சை இரும்பு கேட் எங்களுடையது. ஹசீனாவின் முகவாயில் இருந்த மச்சம் என் அக்கா ஹபீபாவினுடையது. எத்தனை பேர் வந்தாலும் தட்டில் ஒரு டீ கூடுதலாக வைத்துக் கொண்டுவருவது அம்மா அக்காவுக்குப் பழக்கிவிட்டது. திடீரென்று இன்னொருவர் வந்துவிட்டால் முழிக்கக் கூடாதே என்பதற்காக. கதையில் அந்த டீயை ஜின்னுக்கு ஊற்றினேன். பெயரை மட்டும் மாற்றினேன். அதையே பெரிய ராஜதந்திரம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். ஒரு வாசகி, "இது நெஜமா நடந்ததா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உண்மைச் சம்பவம்தான் தோழி. அந்த வீடு கடப்பாக்கத்தில் இன்னமும் இருக்கிறது" என்று பதில் போட்டேன். சாட்சிக்கு கேட்டின் போட்டோவையும் போட்டேன். (அந்தக் கையை உடைத்து அடுப்பில் வைத்திருக்க வேண்டும்.)

அந்தச் சமயத்தில்தான் கருங்குழியிலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்ததும் சொன்னது, பொண்ணு டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதுதான். மதுராந்தகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பதில்தான் அக்காவுக்கு உயிரே. இந்தப் பையன் மறைமலைநகரில் இன்ஜினியர். போனில் பேசும்போது, "வேலைய இன்னாத்துக்கு வுடணும்? நானே டெய்லி ஸ்கூல்ல இறக்கி வுடறேன்" என்றானாம். அதை எங்களிடம் சொன்னபோது அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவளிடம் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட் பக்கத்திலேயே நின்று, அதை மேலும் கீழும் பார்த்தார். சமோசாத் தட்டோடு வாசலில் நின்ற நான், நாங்கள் அடித்த பெயின்ட் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, "கொல்லையில சப்போட்டா மரம் கீதா?"

"கீதுங்க, நல்லா காய்க்கும்" என்றார் அம்மா வெள்ளந்தியாக.

அக்கா டீ கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்த பிறகும் தட்டில் ஒரு டம்ளர் மிச்சமிருந்தது.

"இது யாருக்கும்மா?"

"யாராச்சும் வருவாங்கல்ல, அதுக்குத்தாங்க" என்று அக்கா வெட்கத்தோடு சிரித்தாள்.

இவர் என் கதையைப் படித்தவர் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்த அம்மா அக்காவின் முகவாயைப் பார்த்தார். "யா அல்லா! இது கடல்நிலா எழுதுன பொண்ணு! எழுந்திருங்கடி எல்லாரும்! ஒரு வாய் தண்ணி குடிக்காதீங்க இங்க!" என்று கத்தினார். ஆளுக்கு ஒரு செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். "இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்று அத்தா ரோடு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே ஓடினார். என் அத்தா யார் பின்னாலும் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே வீட்டில் உண்மையைக் கொட்டினேன். அத்தா கையில் கிடைத்ததை எடுத்தார், கிடைத்தது துடைப்பம். அக்கா மட்டும் யாரும் குடிக்காத டீயைக் கொல்லையில் ஊற்றப் போனாள். நானே சரிசெய்கிறேன் என்று வீராப்பாக மறுநாள் கருங்குழிக்குப் போனேன்.

"நாந்தாங்க கடல்நிலா."

அந்த அம்மா என் மீசையைப் பார்த்து, கடல்நிலா ஆம்பளையாகப் போனதற்கு முதலில் வருத்தப்பட்டார். பிறகு விசாரணை ஆரம்பமானது.

"அந்த மரம் பொய்யாப்பா?"

"மரம் இருக்குங்க."

"மச்சம்?"

"அதுவும் இருக்குங்க."

"டீ எடுத்தாந்துச்சே, நான் கண்ணால பாத்தனே. அப்ப எதுதான் கற்பனை?"

"ஜின் மட்டும்தாங்க."

"அது கண்ணுக்கே தெரியாதே. இல்லேன்னு நீ எப்டி சொல்ற?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒன்ன எழுத வச்சதே அதுதாம்பா. பாவம், ஒனக்குத் தெரில."

நான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பியவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த பாகம் எப்பப்பா வரும்?"

பேச்சு செங்கல்பட்டு வரைக்கும் பரவியது. அதை அடக்க அத்தா பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தைக் கூட்டிவந்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜின்னும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க ஒரு கிறுக்கன்தான் கீறான்" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார். ஊரில் பரவியதோ வேறு: ஹஜ்ரத்தே வந்து பார்க்கிற அளவுக்கு முற்றிவிட்டதாம். நான் கதையைச் செயலியிலிருந்து அழித்தேன். ஜின் கோபத்தில் அழித்துவிட்டது என்றார்கள்.

அந்த இன்ஜினியரிடமிருந்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்க. அம்மா பயப்படறாங்க. ஸாரி." அக்கா அதை என்னிடம் நீட்டினாள். "நம்புறவங்களயாச்சும் மன்னிச்சுடலாம்டா" என்றாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் வந்த வரன்களும் விசாரித்துவிட்டு, போன் எடுக்காமல் போய்விட்டார்கள்.

அக்கா இப்போது அந்தப் பள்ளியிலேயே தலைமை ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என்னைக் கண்டதும், "இன்னாடா, ஒங்க மச்சான் வரலியா?" என்று அந்த ஜின்னை அக்கா புருஷனாக்கி ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் செங்கல்பட்டில் சின்னம்மா மகள் நிக்காஹ். வீட்டு ஆட்களெல்லாம் கடைசிப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தோம். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போன பெண்ணைத் தடுத்து, "ஏ, அது மச்சான் சீட்டு!" என்றார் சின்னம்மா.

"அவரு வந்து உக்காந்தா நீங்க ஒருத்தரும் சாப்பிட மாட்டீங்களே சின்னம்மா" என்றாள் அக்கா.

பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் தலையைக் குனிந்து எலும்பை நோண்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"சிரிடா" என்றாள். "நீ எழுதுனதுதானே."