முப்பத்தெட்டுப் பேரின் மச்சம்

டொக். டொக். டொக்.

முத்திரை விழும் சத்தம் மட்டும் கேட்டது. குத்துகிறவர் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சென்னையின் அந்தக் கப்பல் அலுவலகத்தில் காலை ஒன்பதரையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தான், எங்கள் ஆலங்குடிப் பக்கத்து அரவிந்த்குமார்.

வணிகக் கப்பலில் வேலை பார்க்க ஒரு புத்தகம் வேண்டும். சிடிசி என்பார்கள். கடலோடிக்கு அதுதான் ரேஷன் கார்டு, அதுதான் ஜாதகம். அது இல்லாதவன் கப்பலில் ஏறினால் சரக்கு என்றுகூடக் கணக்கில் வரமாட்டான். அரவிந்த் ஆறு மாதப் பயிற்சி முடித்துவிட்டான். தீ அணைத்தான், நீச்சல் குளத்தில் குதித்தான், இல்லாத கப்பலிலிருந்து முறைப்படி தப்பித்தான். அதற்காக அவன் அம்மா செல்வராணி முந்திரிக்கொல்லையில் பாதியை விற்றிருந்தாள். இருபதாம் தேதி தூத்துக்குடியில் கப்பல். அன்றைக்குத் தேதி மூன்று. பாக்கி அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

கண்காணிப்பாளர் அவனுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழை ஒரு முறையும் முகத்தை இரண்டு முறையும் படித்தார்.

"வலது கன்னத்தில் காதுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம்னு போட்டிருக்கு. எங்க?"

"இல்லீங்க சார்."

"இருக்கே."

"தாள்ல இருக்குங்க சார். மூஞ்சில இல்ல."

"தாள்ல சீல் இருக்கு. மூஞ்சில இல்ல. எதை நம்புறது? இந்தச் சான்றிதழுக்கு உரியவரை வரச் சொல்லுங்க தம்பி."

"நான்தாங்க சார் அவரு."

"அதை நிரூபிக்கத்தான் மச்சம்." அவர் கனிவோடு விளக்கினார். "நாளைக்கு நடுக்கடல்ல விழுந்து எங்கயோ கரை ஒதுங்குறீங்க. மச்சம் இல்லாத உடம்பை நான் எந்தக் கோப்புல சேர்க்க?"

தன் பிணத்துக்கு வரப்போகும் நிர்வாகச் சிக்கலை அரவிந்த் அதுவரை யோசித்திருக்கவில்லை. தலைகுனிந்து பஸ் ஏறினான்.

பள்ளிக்கூடத்தில், அந்தச் சான்றிதழை எழுதிய அருள்தாஸ் சார் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மச்சம் தேவைப்படவில்லை.

"அந்த வருசம் முப்பத்தெட்டு டிசிடா. ஒரே மத்தியானம். ஒவ்வொருத்தனையும் நிக்க வச்சு மச்சம் தேட நான் என்ன ஜோசியக்காரனா? மொத பெஞ்சுல நாகராசு இருந்தான். அவனப் பாத்து எழுதுனேன். மிச்சப் பேருக்கும் அதையே போட்டேன்."

"பொம்பளப் புள்ளைகளுக்குமா சார்?"

"நான் பாரபட்சம் பாக்குறதில்லடா."

"திருத்த முடியாதா சார்?"

"திருத்தலாமே. மச்சம் எந்தத் தேதியில மறைஞ்சதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

இருந்த மச்சம் மறைந்தால் எழுதித் தரலாம், இல்லாத மச்சம் எப்படி மறையும் என்று டாக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே அரவிந்த், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பச்சை குத்தும் கடைக்குப் போனான். சிங்கமும் சிலுவையும் காதலி பெயரும் குத்திப் பழகிய கை, ஒரே ஒரு புள்ளி வைக்கக் கூச்சப்பட்டது. ஆனாலும் வைத்தது.

சேதி பரவியது. உடன் படித்த பிரசாந்த் துபாய் விசாவுக்குக் காத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அவனும் ஒன்று வைத்துக்கொண்டான். பேங்க் பரீட்சை எழுதிய இளமதியும் வைத்துக்கொண்டாள். பத்தே நாளில் காரணம் மறந்துபோய் மச்சம் மட்டும் நின்றது. மச்சமில்லாத கன்னம் கழுவாத கன்னம் மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கடைக்காரர் பலகை மாட்டினார்: 'சான்றிதழ் மச்சம் அரசு அளவில் அமைத்துத் தரப்படும்.'

பதினாறாம் தேதி கண்காணிப்பாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மச்சம் பிரமாதம். ஆனா முந்தாநாள் கண்ணுசாமின்னு ஒருத்தர் வந்தார். கப்பல் சமையல் வேலைக்கு. இதே பள்ளி, இதே மச்சம். அடையாளம்னா ஒருத்தரை இன்னொருத்தர்கிட்டருந்து பிரிச்சுக் காட்டணும்ல? மொத்தம் எத்தனை பேருக்கு இருக்கு?"

உண்மை பேசும் பழக்கம் அவனுக்கு வீட்டிலிருந்து வந்திருந்தது.

"முப்பத்தெட்டுங்க சார்."

"மத்த முப்பத்தேழு பேரும் 'மேற்படி மச்சம் அரவிந்த்குமாருக்கே உரியது, எங்களுக்கு அதில் யாதொரு பாத்தியதையும் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அன்னைக்கே முத்திரை."

பத்தொன்பதாம் தேதி காலை, நாகராசுவின் பஞ்சர் கடை வாசலில் வகுப்பு கூடியது. வெளியூரில் இருந்தவர்கள் போனில் வந்தார்கள். அரவிந்த் தாளை நீட்டினான்.

"மாப்ள, என் உசிரக் கேளு, தாரேன்" என்றான் பிரசாந்த். "மச்சத்தக் கேக்காத."

"எனக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ" என்றாள் இளமதி. "இதுல கையெழுத்துப் போட்டுட்டு அங்கிட்டுப் போயி நான் யாருன்னு சொல்றது?"

"எல்லாம் குத்துன மச்சந்தானப்பா!" என்றான் அரவிந்த்.

"குத்துனதோ மொளச்சதோ, என் கன்னத்துல இருக்குல்ல?"

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் கசிவு தேடிக்கொண்டிருந்த நாகராசு எழுந்து வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றான். போட்டான்.

"டேய், ஒனக்கு அது பொறந்ததுலருந்து இருக்குடா" என்றான் அரவிந்த்.

"பஞ்சர் ஒட்டுறவன்கிட்ட எவன் மச்சம் கேக்கப் போறான்? இனி இது ஒன்னோடது. நான் சும்மா கன்னத்துல வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

ஒரு கையெழுத்து ஆயிற்று. மிச்சம் முப்பத்தாறு பேரும் தத்தம் மச்சத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, வந்தவர்கள் வண்டியேறிப் போனார்கள், போனில் இருந்தவர்கள் போனை வைத்தார்கள்.

மத்தியானம் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அரவிந்தின் இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிட்டானாம். அவன் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்ததாம். இல்லாததைச் சரிபார்க்க விதியில்லை என்பதால், ஒரே நாளில் அவனுக்குப் புத்தகம் கிடைத்துவிட்டதாம்.

அரவிந்த் போனைப் பைக்குள் வைத்தான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யாரையும் கேட்கவில்லை.

நாகராசு குந்தி உட்கார்ந்து, டியூபை மறுபடி தண்ணீருக்குள் அமுக்கி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தான்.