கோபக்கார வாடிக்கையாளருக்கு வேண்டிய இங்கிலீஷ்

ஸ்ஃபாக்ஸ்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் ரிதா அவர்களுக்கு,

உம் அக்காள் கணவன் அப்தெல்ஹமீத் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே யாவரும் நலம். காபெஸில் நீரும் குழந்தைகளும் நலமாகவே இருப்பீர்கள்; இல்லையென்றால் இதற்குள் உம் அக்காளுக்குத் தெரிந்து, அவள் எனக்குச் சொல்லியிருப்பாள்.

விஷயம் என் மகள் ஓல்ஃபாவைப் பற்றியது. போன வருஷம் வங்கித் தேர்வில் எழுத்தில் முதலாவதாக வந்தவள், நேர்காணலில் வாயே திறக்காமல் திரும்பினாள். "பிரெஞ்சு போதாதா, இங்கிலீஷ் எதுக்கு?" என்று நீர் அப்போது கேட்டீர். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. அடமானம், ஜாமீன், வட்டி விகிதம், எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருக்கிறாள். ஆனால் எதிரே ஒருவர் கோபமாகப் பேசினால் அத்தனையும் மறந்துவிடுகிறது என்றார் அவளுடைய ஆசிரியை. பழக வேண்டியது கோபத்தோடுதானே மாப்ளே, அதுக்கு நம்ம வீட்டுல என்ன பஞ்சம்? அன்னைக்குச் சாயங்காலமே சாப்பாட்டு மேஜையை வங்கியாக்கிட்டேன். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கார்டு, மெஷின், மேனேஜர், நோ, அவ்வளவுதான். அதை வெச்சே தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். முதல்ல அழுதா. அப்புறம் பதில் சொல்ல ஆரம்பிச்சா. இந்தக் கூத்துக்கு நான் வரலைன்னு சொன்ன உன் அக்கா நஜெட், ஒருநாள் கரண்டியோட வந்து, என்னை வரிசையில பின்னால நிக்கச் சொல்லிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் நாங்க நெஜமாவே அடிச்சுக்கிறோம்னு நெனச்சு சமாதானம் பேச ஓடி வந்தார். ஓல்ஃபா அவரையும் உட்காரவெச்சு, மெதுவாச் சொல்லுங்க சார்னு இங்கிலீஷ்ல கேட்டா. மனுஷன் மருமகனோட தனக்கிருந்த தகராறு பூராவையும் அரபியில கொட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனார். இனி இவ ஜெயிச்சிருவான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஜெயிச்சுட்டா. போன வியாழக்கிழமை வங்கிக்குள்ளே அவளுக்கு மறுபடி நேர்காணல். நான் எதிர்க் கடையில ஒரு காபியும் பேப்பருமா அமைதியா உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவுல வேலை கொடுத்துட்டாங்க. உங்க ஊர்ல வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க இருந்தா என்கிட்ட அனுப்பு. தொண்டை இப்ப சரியாயிடுச்சு.

உம் வியாபாரம் பெருகட்டும், பிள்ளைகள் உயரட்டும். என் தங்கை போன்ற உம் மனைவிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அப்தெல்ஹமீத்

பி.கு.: ரிதா மாமா, நான் ஓல்ஃபா. தபால்ல போடச் சொல்லி அப்பா கொடுத்தார். அவர் காபிக் கடையில உட்காரவே இல்லை. உள்ளே எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கிச்சு. அதே நேரம் வெளியில, என்னை ஏன் இவ்வளவு நேரம் உள்ளே வெச்சிருக்காங்கன்னு அப்பா காவலாளியோட சண்டை, அதுவும் பழக்கதோஷத்துல இங்கிலீஷ்ல. சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடிப்போய், உட்காருங்க சார், மெதுவாச் சொல்லுங்கன்னு இங்கிலீஷ்லயே கேட்டேன். அவரும் "மேனேஜர், நோ"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு அடங்கி உட்கார்ந்துட்டார். திரும்பி வந்தப்ப, கதவு வழியா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்த தேர்வுக் குழு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அந்த வெளிநாட்டுக்காரர் யாரு?"

தெரியாதுன்னு சொல்லிட்டேன், மாமா.